பதினொன்று நாற்பத்திரண்டின் சிவப்புப் புள்ளி

புதன்கிழமை, காலை 9:05.

சோதனைக்கூடக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் குறை இல்லை. லிஃப்ட் பிரேக்கின் இருநூறு மணி நேரச் சோதனைப் பதிவுகள் இருந்த கோப்புறை, தேர்தலில் தோற்ற கட்சியின் அலுவலகம் மாதிரி காலியாகக் கிடந்தது. குப்பைத்தொட்டியிலும் தேடினார். அதையும் யாரோ துடைத்துக் கவிழ்த்திருந்தார்கள்.

9:20-க்குக் கணினிப் பிரிவுத் தலைவர் வந்தார். எந்தக் கோப்பைக் கேட்டாலும் "அது மேகத்துல இருக்கு" என்று விட்டத்தைக் காட்டுவதால் அலுவலகத்தில் அவருக்கு மேகம் என்று பெயர். 9:40-க்குள் துப்புத் துலக்கிவிட்டார். பெரிய திரையில் ஓர் உலக வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. செவ்வாய்க்கிழமை காலை 11:42. அழித்தது பிரேக்கை வரைந்த வடிவமைப்பாளரின் கணக்கு. அழித்த இடம், அவள் ஒன்பது நாள் வேலையாகப் போயிருந்த வெளிநாடு.

10:15-க்கு முதலாளி அறுபது ஊழியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். 'நம் குடும்பத்தின் முதுகில் ஒரு கத்தி' என்று தொடங்கியது அது. கத்தி யாருடையது என்பது இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது.

வியாழக்கிழமை, பிற்பகல் 1:15.

ஸ்க்ரூ கருவிப் பையோடு உள்ளே நுழைந்தபோது, வரவேற்பறை நாற்காலியில் ஒரு பயணப் பெட்டியும் அதன் பக்கத்தில் அவளுடைய தம்பி மனைவியும் இருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரி கசங்கியிருந்தார்கள்.

ஸ்க்ரூவுக்கு நாற்பத்தாறு வயது. ஒற்றை அறைக் கடையில் லேப்டாப் பழுது பார்ப்பவள். கை சும்மா இருக்காது. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சின்னத் திருகாணி எப்போதும் உருண்டுகொண்டே இருக்கும். வியாழன்தோறும் இந்த அலுவலகத்துக்கு வந்து ஆடும் கீல்களையும் ஒட்டும் விசைகளையும் சரிசெய்வாள். வடிவமைப்பாளரின் நாத்தனார் அவள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. பழுது பார்க்கிறவளுக்கு உறவுக்காரர்கள் இருக்கக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணி! நீங்க எங்க இங்க?"

"உன் லேப்டாப்பைக் கழட்டி உள்ள இருக்கற டிஸ்கை எடுத்துக் குடுக்கணுமாம். போலீசுக்கு. ஏர்போர்ட்லேர்ந்து நேரா வந்தியா? சாப்பிட்டியா?"

"தொண்டைல இறங்கல. நாலு மணிக்கு மீட்டிங். லெட்டர் அடிச்சு வச்சுட்டாங்க அண்ணி. வேலை போனா போகட்டும். பிரேக் ரெக்கார்டை அழிச்சவள்னு பேர் வந்துட்டா, இந்தத் தொழில்ல ஒரு கதவுக் கைப்பிடி வரையக்கூட எவனும் கூப்பிட மாட்டான்."

"நீ அழிச்சியா?"

"அண்ணி!"

"கேக்கணும்ல. நாளைக்கு நான் கேக்கலைன்னு நீயே சொல்லிக் காட்டுவ."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துல நான் லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன். தனியா. சிக்னலே கிடையாது. அதுக்கு நான்தான் சாட்சி, அந்தக் குழிதான் சாட்சி."

திருகாணி வேகமாக உருண்டது. மணி 1:25.

1:30. கணினி அறை.

மேகம் சுழல் நாற்காலியிலிருந்து எழவில்லை. "டிஸ்கை எடுங்க, கவர்ல போடுங்க, கையெழுத்துப் போடுங்க, போங்க."

"எடுக்கறேன் சார். எதுக்குன்னு தெரிஞ்சா பாத்து எடுப்பேன்."

விளக்கச் சொன்னால் மேகம் மறுக்கிற ஆள் இல்லை. வரைபடத்தைத் திறந்தார். பத்து நாட்களில் அந்தக் கணக்கு அலுவலகத்துக்கு வெளியிலிருந்து நுழைந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது.

"எல்லாம் அங்கதான் இருக்கு, பாருங்க."

"இது ஒண்ணு மட்டும் நம்ம ஊர்ல இருக்கே சார்? சனிக்கிழமை?"

"அது ஏதோ கோளாறு. விட்டுடுங்க. ஆள் அங்க இருக்கும்போது புள்ளி இங்க எப்படி வரும்?"

"அதானே. மத்ததெல்லாம் ஒரே கம்பெனி நெட்டா?"

மேகம் எரிச்சலோடு சுட்டியை நகர்த்தினார். "ஹோட்டல் நெட், ஹோட்டல் நெட், ஹோட்டல் நெட்... செவ்வாய் மட்டும் அந்த ஊர் செல்போன் கம்பெனி. அதனால என்ன? ஹோட்டல்ல பண்ணினா மாட்டிக்குவோம்னு சிம் போட்டிருக்காங்க. லேப்டாப்லயே சிம் போடற கார்டு இருக்கு தெரியுமா உங்களுக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் ஸ்க்ரூ. இந்த வருடம் மட்டும் நாற்பது கார்டுகளைக் கழற்றி மாட்டியிருந்தாள்.

"ஆனா அந்த அம்மா, கார்டு வேலையே செய்யலைன்னு கதை விடறாங்க. அதே மாடலைத்தான் நம்ம சேல்ஸ் சார் போன மாசம் அங்க கொண்டு போனார். ஜம்முனு வேலை செஞ்சுது."

"இங்கேர்ந்து யாராவது அழிச்சிருக்க முடியாதா சார்?"

மேகம் சிரித்தார். "அதுதான் அழகே. செவ்வாய்க்கிழமை 11:20-லேர்ந்து 12:10 வரைக்கும் நெட் பெட்டியை மாத்தினேன். வைஃபை, ஒயர் எல்லாம் செத்துக் கிடந்தது. செல்போன்லேர்ந்து நெட் எடுத்திருந்தா நம்ம ஊர் கம்பெனி பேர் வந்திருக்கும். இந்தக் கட்டடத்துல இருந்த அறுபது பேரும் நிரபராதி. நான் உட்பட."

ஸ்க்ரூ லேப்டாப்பைத் திருப்பி, பின்மூடியைத் திறந்தாள். கார்டின் தலையில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். ஒரே ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டி விற்ற கார்டு. வேறு சிம்மைப் போட்டால் வாயைத் திறக்காது. தம்பி மனைவி கதை விடவில்லை.

"சார், இது பூட்டுன கார்டு."

"இருக்கட்டும். வேற எதுலயாவது பண்ணியிருப்பாங்க. புள்ளி பொய் சொல்லாது."

புள்ளி பொய் சொல்லாதுதான். சனிக்கிழமைப் புள்ளியை மட்டும் பொய் என்று தள்ளிவிட்டு, செவ்வாய்க்கிழமைப் புள்ளியைச் சத்தியம் என்று தலையில் வைத்துக்கொண்டால் எப்படி? ஸ்க்ரூ அதைக் கேட்கவில்லை. டிஸ்கையும் எடுக்கவில்லை. "நட்டு இறுகிப் போயிருக்கு, எண்ணெய் விட்டு ஊற வைக்கணும்" என்று மூடியைச் சாத்தினாள். லேப்டாப்பில் அப்படி ஊறவைக்க எதுவும் கிடையாது. மேகத்துக்கு அது தெரியாது.

2:05. சோதனைக்கூடம்.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

சோதனைக்கூடக்காரர் கூச்சத்தோடு திரையின் ஓரத்தைக் காட்டினார். டேப் போட்டு ஒட்டிய சீட்டு. "ஊருக்குப் போறப்போ குடுத்துட்டுப் போச்சும்மா அந்தப் பொண்ணு. அரை மணிக்கு ஒரு தடவை அளவு பதியணும். எனக்கு ஞாபக மறதி. ஒட்டி வச்சேன்."

"இந்த வழியா யார் யார் போவாங்க?"

"டீ மெஷின் அந்தப் பக்கம் இருக்கு. எல்லாரும் போவாங்க."

"செவ்வாய் நெட் போனப்போ என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? அடுத்த டெஸ்ட்டோட அளவைப் பேப்பர்ல எழுதினேன். வெளிய ஒரே கூச்சல். கணக்குப் பிரிவுல ஒருத்தர், மருமகனோட கம்ப்யூட்டர்ல வீடியோ கால் பேசிட்டிருந்தாராம், பாதில கட் ஆயிடுச்சு. மேகத்தை அடிக்கவே போயிட்டார்."

"அழிஞ்சுபோன ரெக்கார்டுல என்ன இருந்தது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நூத்து அறுபத்து மூணாவது மணில பிரேக் வழுக்குச்சு. ரெண்டு அங்குலம். சூடேறி. ரெண்டு அங்குலம்னா என்னன்னு கேப்பாங்க. பதினாலாவது மாடியில நிக்கறப்போ கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"சனிக்கிழமை அங்கேர்ந்தே பாத்துட்டு, முதலாளிக்கும் சேல்ஸ் சாருக்கும் எழுதிச்சு அந்தப் பொண்ணு. தன் டிசைன் தோத்ததை மறைக்கத்தான் அழிச்சுதுன்னு இப்ப பேசறாங்க. மறைக்கறவ எதுக்கும்மா முதல்ல எழுதணும்?"

இந்தக் கட்டடத்தில் நேற்றுக் காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர் ஞாபக மறதிக்காரர்.

2:35. விற்பனைத் தலைவரின் அறை.

எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் இவருக்குக் கோட்டு என்றே பெயர். சுவரில் பத்து நாடுகளில் பத்துப் பேரோடு கைகுலுக்கும் படங்கள். எல்லாப் படத்திலும் அதே கோட்டு, அதே பல். மேசையில் அலுவலகத்தின் இரண்டாவது பயண லேப்டாப். ஊர் திரும்பியதும் அலமாரியில் வைக்க வேண்டியது. மூடியில் விமான நிலைய ஒட்டுச்சீட்டுகளை ஒட்டி அதைச் சொந்தப் பொருளாக்கிவிட்டிருந்தார்.

"கீல் ஏதாவது ஆடுதா சார்? வியாழக்கிழமை செக்கிங்."

"என்கிட்ட எதுவும் ஆடாது" என்றார் கோட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெளிய ஒரே பேச்சா இருக்கு சார். அந்தப் பொண்ணு விஷயம்."

"வருத்தம்தான். திறமைசாலிப் பொண்ணு. ஆனா தோல்வியைத் தாங்கற மனசு வேணும். எல்லாருக்கும் இருக்காது."

"நெட் போன நேரம் பாத்துப் பண்ணிட்டாங்களாம்."

"நெட் எப்போ போச்சு?"

"செவ்வாய்க்கிழமை சார். ஐம்பது நிமிஷம். ஆபீசே ரெண்டு பட்டுச்சாமே."

கோட்டு சிரித்தார். "எனக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்குக் காலைல பத்தரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இதே நாற்காலி. நாப்பது மெயில் அனுப்பியிருக்கேன். வேலை செய்யறவனுக்கு நெட் போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. மத்தவங்க டீ குடிக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்."

ஸ்க்ரூவின் விரலிடுக்கில் திருகாணி நின்றது.

2:50. வரவேற்பறை.

"சனிக்கிழமை எதுலேர்ந்து உள்ள போன?"

தம்பி மனைவி யோசித்தாள். "ஹோட்டல் நெட் படுத்துடுச்சு அண்ணி. லேப்டாப் கார்டுல அந்த ஊர் சிம்மைப் போட்டேன், ஏத்துக்கல. சரின்னு என் போன்லேர்ந்து பாத்தேன்."

"போன்ல எந்த சிம்?"

"நம்ம ஊர் சிம்தான். ரோமிங்."

"அப்போ நீ அங்க இருந்த, புள்ளி இங்க வந்துச்சு."

"என்ன புள்ளி?"

"வெளியூர்ல இருந்து நீ நெட் கேட்டா, அந்த ஊர் டவர் அதை வாங்கி, சிம் எந்த ஊருதோ அந்த ஊர் கம்பெனிக்கு அனுப்பிடும். அங்கேர்ந்துதான் வெளிய வரும். பொறந்த வீட்டைத் தொடாம எங்கயும் போகாத மருமகள் மாதிரி."

"யாரைச் சொல்றீங்க?"

"பொதுவாச் சொன்னேன்." ஸ்க்ரூ எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "நம்ம ஊர் சிம் அங்க போனா ஆள் இங்க இருக்கற மாதிரி தெரியுது. அந்த ஊர் சிம் இங்க வந்தா?"

தம்பி மனைவியின் கை பயணப் பெட்டியின் பிடியை இறுக்கியது. "ஆனா அண்ணி, நிரூபிக்கணுமே. மணி மூணு ஆகப் போகுது."

"அதுக்கு நாலு மணி மீட்டிங் இருக்கே. முன்னாடியே கேட்டா அந்தக் கோட்டு சிம்மைப் பிடுங்கிப் போட்டுடுவான். எல்லார் முன்னாடியும்தான் திறக்கணும். நான் நினைச்சது தப்பாச்சுன்னா உன்னோட சேந்து நானும் வெளிய. நாத்தனார்னு தெரிஞ்சா இன்னும் வேகமா."

4:00. கூட்ட அறை.

அறுபது பேர், நாற்பது நாற்காலி. கோட்டின் லேப்டாப்பிலிருந்துதான் பெரிய திரைக்குப் படம். எந்தக் கூட்டத்திலும் தன் லேப்டாப்பைத்தான் செருக விடுவார். திரையில் வரைபடம், சிவப்புப் புள்ளி. முதலாளி எழுந்தார்.

"மின்தூக்கி என்பது வெறும் இரும்பு அல்ல" என்று ஆரம்பித்தார். தொழிற்சாலையில் எல்லோரும் லிஃப்ட் என்பார்கள். அவரும்தான், மைக் கையில் இல்லாதபோது. "அது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் கயிற்றை அறுத்த ஒருவர்..."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் ஸ்க்ரூ, கதவருகிலிருந்து.

"யார் இது?"

"ரிப்பேர்காரி சார். டிஸ்கை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செக்கிங் பாக்கி. மேகம் சார், நெட் பெட்டியை அஞ்சு நிமிஷம் அணைங்க."

மேகம் தன் பட்டப்பெயரை முதல் முறையாக நேருக்கு நேர் கேட்டார். அந்த அதிர்ச்சியில், முதலாளி தலையசைத்ததைப் பார்த்ததும் எழுந்து போய் அணைத்தேவிட்டார்.

அறையில் இருந்த லேப்டாப்புகள் ஒவ்வொன்றாக உயிர் விட்டன. "போச்சு", "எனக்கும் போச்சு" என்று குரல்கள்.

"சேல்ஸ் சார், உங்களுக்கு?"

"எனக்கு இருக்கே" என்றார் கோட்டு பெருமையோடு. சொல்லி முடிப்பதற்குள் பெருமையின் ஓரம் லேசாக நமுத்தது.

"அதுலயே அந்தப் பொண்ணு கணக்குல உள்ள போங்க. பாஸ்வேர்டு டீ மெஷின் போற வழில ஒட்டியிருக்கு, எல்லாருக்கும் மனப்பாடம்."

"நான் எதுக்கு..."

"நான் போறேன்" என்று சோதனைக்கூடக்காரர் முன்னால் வந்து, ஒற்றை விரலால் தட்டினார். ஆயுளில் அவ்வளவு வேகமாக அவர் தட்டியதில்லை.

"இப்போ மேப்பைப் புதுப்பிங்க."

திரை ஒரு கணம் வெளுத்தது. ஸ்க்ரூவின் உள்ளங்கையில் திருகாணி பதிந்து வலித்தது.

அதே வெளிநாட்டில், பழைய புள்ளிக்குப் பக்கத்திலேயே, புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது. நேரம், மாலை 4:09.

"சோதனைக்கூட சார்," என்றாள் ஸ்க்ரூ, "அந்த ஊர்ல வெயில் எப்படி?"

யாரோ பின்னால் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"இவர் லேப்டாப்ல இருக்கறது பூட்டாத கார்டு, போன மாசம் அங்க போனப்போ அதுல அந்த ஊர் சிம்மைப் போட்டிருக்கார். பக்கத்து நாட்டுக்கும் போகணும்னு, ரோமிங்லயும் தானா இணைன்னு டிக் பண்ணியிருக்கார். திரும்பி வந்து அதை மறந்துட்டார். வைஃபை இருக்கற வரைக்கும் கார்டு சும்மா தூங்கும். செவ்வாய்க்கிழமை வைஃபை போச்சு. ஒரு வார்த்தை கேக்காம கார்டு முழிச்சுக்கிச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கத்தறாங்க, இவர் ஒருத்தருக்கு நெட் போனதே தெரியல. என்கிட்ட அவரே சொன்னார்."

"இது... இது இன்னிக்கு நடக்கறது" என்றார் கோட்டு. "செவ்வாய்க்கிழமை நான்தான்னு என்ன ஆதாரம்?"

"லேப்டாப்ல சிம் இருந்தா அதுக்கும் குறுஞ்செய்தி வரும் சார். யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. சோதனைக்கூட சார், அந்த ஓரத்துல கவர் மாதிரி ஒரு படம். அதை அமுக்குங்க."

படிக்காத செய்திகள் ஐந்து. கடைசியில் இருந்தது அந்நிய மொழியில். தம்பி மனைவி கதவருகிலிருந்து முன்னால் வந்தாள். ஒன்பது நாள் அந்த ஊர் அறிவிப்புப் பலகைகளோடு மல்லுக்கட்டிய அறிவு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"'நீங்கள் வெளிநாட்டில் இணையம் பயன்படுத்தத் தொடங்கியுள்ளீர்கள். உங்கள் பயணம் இனிதாகட்டும்'" என்று வாசித்தாள். "செவ்வாய்க்கிழமை. காலை 11:21."

மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு யாரோ பயண வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"அன்னிக்கு உங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லைன்னீங்க" என்றாள் ஸ்க்ரூ. "வேற யாரும் அதைத் தொட்டிருக்க முடியாதுன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க."

கோட்டு கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "நாளைக்கு லிஃப்ட் வாங்கற கம்பெனியோட இன்ஜினியர் வர்றார். இருநூறு மணி வழுக்கவே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அந்த மெயில் வந்ததும்... யார் அழிச்சாங்கன்னு தெரியாம போகட்டும்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு அழிச்சேன். அந்தப் பொண்ணை மாட்ட வைக்க நினைக்கல. புள்ளி எப்படி அங்க போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"போனதைப் பாத்த அப்புறம்?"

கோட்டு கழற்றிய கோட்டை மறுபடி மாட்டத் தொடங்கினார்.

4:25. முதலாளி தொண்டையைச் செருமினார். மேடைத் தமிழ் கொஞ்ச நேரத்துக்கு அவரைக் கைவிட்டிருந்தது. "சரி. லெட்டரைக் கிழிச்சுடறேன். எல்லாரும் வேலைக்குப் போங்க. இது குடும்பத்துக்குள்ள நடந்த ஒரு சின்னக் குழப்பம். வெளிய தெரிய வேண்டாம். நாளைக்கு அவங்க வர்றப்போ..."

"சார்," என்றாள் தம்பி மனைவி. "கத்தின்னு எழுதினீங்களே, அறுபது பேருக்கு. அதே அறுபது பேருக்கும் கத்தி யாரோடதுன்னு எழுதுங்க. நான் இங்கயே நிக்கறேன். அப்புறம், நாளைக்கு வர்ற இன்ஜினியர்கிட்ட நூத்து அறுபத்து மூணு பத்தி நானே சொல்வேன். அதுக்கும் லெட்டர் அடிக்கணும்னா அடிச்சுக்குங்க."

அறுபது பேர் முதலாளியைப் பார்த்தார்கள். யாரும் வேலைக்குப் போகவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பை இழுத்தார். நெட் இல்லை. மேகம் ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டார்.

4:48-க்கு அறுபது செல்போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.

5:30. சோதனைக்கூடம்.

பழைய பதிவு இனி வராது. தம்பி மனைவி பிரேக்கில் புதிய பட்டையை மாட்டி, சூடு அளக்கும் கம்பியைச் செருகி, விசையைத் தட்டினாள். சக்கரம் சுற்றியது, கவ்வியது, நின்றது, சுற்றியது. சோதனைக்கூடக்காரர் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டார்.

"இருநூறு மணின்னா எத்தனை நாள்?" என்றாள் ஸ்க்ரூ.

"எட்டு நாள், எட்டு மணி நேரம். இந்தத் தடவை வேற யாரையும் நம்பறதா இல்ல. கூடவே இருக்கப் போறேன்." அவள் பெட்டியை இழுத்துச் சுவரோரம் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "அண்ணி, உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் வீட்டுக்கு வர இன்னும் எட்டு நாள் ஆகும்னு."

"நானா? ஒன்பது நாள் கழிச்சு வந்த பொண்டாட்டியை வீட்டுக்குள்ளயே விடாம நாத்தனார் தடுத்துட்டான்னு ஊர் பூரா சொல்வான் அவன். போனை எடு, நீயே பேசு" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.